சுவர் குடிக்கும் தண்ணீர்

மழை மேலே, உதிர்வு கீழே

மழை மேலிருந்து பெய்கிறது. சுவர் உதிர்வதோ அடியில். தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரம் வரை பெயின்ட் கொப்பளிக்கிறது, வெள்ளையாக ஏதோ பூக்கிறது, விரலால் தொட்டால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. அதற்கு மேலே அதே செங்கல், அதே கலவை, அதே ஆள் பூசிய பூச்சு ஆண்டுக்கணக்கில் அலுங்காமல் நிற்கிறது. உதிர்ந்த இடத்தைக் கொத்திவிட்டு சிமென்ட்டைக் கூடுதலாகப் போட்டுப் பூசுகிறோம். இரண்டு மழைக்காலம் தாங்குகிறது. பிறகு மறுபடி உதிர்கிறது, பல வீடுகளில் முன்னைவிட ஓரடி உயரத்தில்.

இந்தப் புதிரை ஒரு கொத்தனாரின் சொந்த வீட்டில் வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினம் பக்கம், கடலிலிருந்து சற்று உள்ளே, சில அடி தோண்டினாலே உப்புக் கரிக்கும் தண்ணீர் ஊறுகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் வீட்டைக் கட்டும்போது கொத்தனார் ஒரு சுவரோடு இருப்பது சில வாரங்கள்தான். பத்து வருஷம் கழித்து அது என்ன ஆயிற்று என்று அவரிடம் யாரும் வந்து சொல்வதில்லை. சொந்த வீட்டுச் சுவரோடு அவர் காலம் முழுக்க வாழ வேண்டும். "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறீங்க, நம்ம வீட்டுச் சுவத்துல ஏங்க இப்படிக் கொட்டுது?" என்று மனைவி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கட்டியவரே பராமரிக்கவும் நேரும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: சுவர் வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலை. எப்போது சுவருக்குத் தண்ணீர் கொடுப்பது, எப்போது தடுப்பது, உள்ளே போனதை எந்த வழியாக வெளியே விடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவரே தேர்ந்த கொத்தனார்.

செங்கல்லுக்குள் இருக்கும் காலி இடம்

அச்சில் அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் வெறும் களிமண். மழையில் நனைந்தால் கரைந்துவிடும். சூளையில் வெப்பம் ஏற ஏற அதன் குணம் மாறுகிறது. 500 டிகிரி செல்சியஸை ஒட்டி, களிமண் துகள்களோடு வேதிப்பிணைப்பில் இருந்த நீர் பிரிந்து வெளியேறுகிறது. 900, 1,000 டிகிரியை நெருங்கும்போது துகள்களின் ஓரங்கள் லேசாக உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இனி எந்த மழையும் அதைச் சேறாக்க முடியாது.

உருகியது ஓரங்கள் மட்டும்தான். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருந்த இடைவெளிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. அவை மிகவும் நுண்ணியவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவை ஒட்டியவை. இந்த நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து செங்கல் முழுக்க ஓடுகின்றன. காய்ந்த செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி குமிழியாக வருவது அங்கே இருந்த காற்றுதான். நன்றாக வெந்த கல் குறைவாகக் குடிக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாத கல் நிறையக் குடிக்கும், ஒலி மந்தமாக இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கும் கொத்தனார், அந்த ஒலியில் துளைகளின் அளவைக் கேட்கிறார். ஒரு நாள் முழுக்க ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஒரு சுவரின் தண்ணீர்க் கணக்கு

நம் கொத்தனார் வீட்டில் ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குல கனம். மொத்தம் சுமார் 2 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கல் என்ற கணக்கில் 1,000 செங்கல் வேண்டும். கல்லுக்கு 3 கிலோ என்றால் 3,000 கிலோ. எடையில் 15 சதவீதம் நீரைக் குடிக்கும் நல்ல கல் என்றே கொள்வோம். அப்படியானால் இந்த 1,000 கல்லும் சேர்ந்து 450 லிட்டர் தண்ணீரைக் குடிக்க வல்லவை.

அடுத்து கலவை. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். இந்தச் சுவருக்கு இரண்டரை மூட்டை சிமென்ட், அதாவது 125 கிலோ பிடிக்கும். கரண்டியில் அள்ளிப் பரப்பும் பதத்துக்குக் கலக்க, தோராயமாக சிமென்ட்டின் எடைக்குச் சமமான நீர் தேவைப்படும். அது 125 லிட்டர்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இந்த வினைக்கு நீரேற்றம் என்று பெயர். 100 கிலோ சிமென்ட் முழுமையாக நீரேற்றம் பெற ஏறக்குறைய 38 லிட்டர் நீர் வேண்டும். 125 கிலோவுக்கு 48 லிட்டர். கலவையில் 125 லிட்டர் இருக்கிறதே, போதாதா?

கல் காய்ந்திருந்தால் போதாது. கலவையிலிருந்து 77 லிட்டரை இழுத்துவிட்டாலே பற்றாக்குறை தொடங்கிவிடும். கல்லின் தாகமோ 450 லிட்டர். காய்ந்த கல்லைக் கலவை மேல் வைத்த சில நிமிடங்களில், கல்லைத் தொட்டிருக்கும் கலவைப் படலம் வறண்டுவிடுகிறது. சிமென்ட் பாதி வினையில் நின்றுபோகிறது. பார்வைக்கு இறுகியதுபோல் தெரியும் அந்த வரி, பல மாதங்கள் கழித்து ஆணி அடித்தால் மணலாகக் கொட்டும்.

கல்லைத் தொட்டியில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைப்பது இதனால்தான். அதே நேரம், சொட்டச் சொட்ட எடுத்து வைத்தாலும் கெடுதி. துளையெல்லாம் நிரம்பிய கல்லுக்கு இழுவிசை கிடையாது. கலவையின் நீர் சிறிதளவு துளைக்குள் இழுபடும்போது அதோடு நுண்ணிய சிமென்ட்டும் போய் அங்கே இறுகினால்தான் கல்லும் கலவையும் பற்றிக்கொள்ளும். நிரம்பிய கல் கலவை மேல் வழுக்கும், தூக்குக்குண்டுக்கு நிற்காது. எனவே ஊறிய கல்லை எடுத்து அடுக்கி, மேலீரம் வாடிய பிறகே கட்டுவார்கள். உள்ளே நிறைவு, மேலே கொஞ்சம் தாகம். கையால் தொட்டு இந்தப் பதத்தை அறிவதில்தான் தொழில் இருக்கிறது.

கட்டி முடித்ததும் நீர்க்கணக்கு முடிவதில்லை. சுவருக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நீரேற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். முதல் ஏழு நாளாவது காலையும் மாலையும் சுவரை நனைப்பது, சாக்கைச் சுற்றி ஈரம் காப்பது எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான். வாடிக்கையாளர் வீட்டில் இதை யாரோ செய்ய வேண்டும். பெரும்பாலும் அரைகுறையாக நடக்கும். தன் வீட்டில் கொத்தனாரே குடத்தைத் தூக்குவார்.

முப்பது மீட்டர் ஏற வேண்டியது மூன்றடியில் நிற்பதேன்?

கட்டும்போது உதவிய அதே தாகம், கட்டி முடித்ததும் எதிரியாகிறது. செங்கல் இப்போது தன் காலடியில் உள்ள மண்ணிலிருந்து குடிக்கத் தொடங்குகிறது. ஈர வாசலில் புடவைக் கரை பட்டால் நீர் துணியில் தானாக மேலேறுகிறதே, அதே செயல்தான். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நீர் துளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்னாலிருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது.

துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒன்றானால் 30 சென்டிமீட்டர். நூறில் ஒன்றானால் 3 மீட்டர். செங்கல்லின் துளைகள் ஆயிரத்தில் ஒன்று. கணக்குப்படி 30 மீட்டர், ஒன்பது பத்து மாடி உயரம் ஏற வேண்டும். நடப்பில் அது மூன்றடியிலேயே நின்றுவிடுகிறது.

நிறுத்துவது ஆவியாதல். ஏறிவரும் நீர் சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஈரம் உயர உயர, ஆவியாகும் பரப்பு கூடுகிறது. அதே சமயம் நீர் கடக்க வேண்டிய பாதை நீண்டு, வரத்து மெலிகிறது. வரத்தும் போக்கும் சமமாகும் இடத்தில் ஈரக்கோடு நின்றுவிடுகிறது. சுவரில் மங்கலாகத் தெரியும் அந்தக் கோடு, நீர் ஏறும் வலிமைக்கும் காற்றின் உலர்த்தும் வலிமைக்கும் நடுவே ஏற்பட்ட உடன்பாடு.

மழை ஏன் இந்த அளவு கெடுதல் செய்வதில்லை என்பதும் இங்கே விளங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த மேல்சுவருக்கு மற்ற மாதங்களில் காய நேரம் கிடைக்கிறது. சன்ஷேடும் அதன் அடியில் விட்ட நீர்வடி வெட்டும் பாதி மழையைச் சுவரில் படாமலே விலக்கிவிடுகின்றன. ஈரமண்ணோ ஆண்டு முழுக்க ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

உதிர்ந்த இடத்தில் அடர்த்தியான சிமென்ட் பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால் என்ன ஆகும்? ஆவி வெளியேறும் வழி குறுகும். மண்ணிலிருந்து வரும் வரத்து குறையவில்லை. எனவே நீர் இன்னும் மேலே ஏறி, போதுமான பரப்பைத் தேடிக்கொள்ளும். எவ்வளவு மேலே என்றும் கணக்கிடலாம். உயர உயர வரத்தும் குறைந்து பரப்பும் கூடுவதால், ஆவியாதல் பாதியானாலும் உயரம் இரட்டிப்பாவதில்லை, ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. மூன்றடியில் நின்ற ஈரம் நாலேகால் அடிக்குப் போகும். ஆவியாதல் கால்பங்காகக் குறைந்தால் உயரம் இரண்டு மடங்கு, அதாவது ஆறடி. மறுபூச்சுக்குப் பிறகு உதிர்வு ஓரடி மேலே தோன்றுவது சிமென்ட்டின் தரக்குறைவால் வந்ததல்ல. பூச்சு நன்றாக அடைத்ததால் வந்தது.

நீர் போய்விடும், உப்பு போகாது

ஈரம் மட்டுமே செங்கல்லை உடைக்காது. உடைப்பது அது சுமந்து வரும் உப்பு. நிலத்தடி நீரில் சாதாரண உப்பு, சோடியம் சல்ஃபேட், பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடமென்றால் நைட்ரேட் உப்புகளும் கரைந்திருக்கும். நீர் ஆவியாகும்போது இவை சுவரிலேயே தங்கிவிடுகின்றன.

நம் பத்தடிச் சுவருக்குத் திரும்புவோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் நீர் ஆவியாகிறது, லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் நீளத்தில் நாளுக்கு ஒன்றரை லிட்டர், 3 கிராம் உப்பு. ஓர் ஆண்டில் அது 1 கிலோவைத் தாண்டிவிடும். பத்து ஆண்டில் 10 கிலோவுக்கு மேல், அதுவும் ஈரக்கோட்டை ஒட்டிய பகுதியில் குவிந்து.

இந்த உப்பு எங்கே படிகிறது என்பதைப் பொறுத்தே சேதம். நீர் சுவரின் மேற்பரப்பு வரை வந்து ஆவியானால், உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கம், ஆபத்து குறைவு. பூச்சு அடர்த்தியாக இருந்து நீர் அதற்குப் பின்னாலேயே ஆவியானால், உப்பு துளைகளுக்குள் படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் சுவரை நெருக்குகிறது. சோடியம் சல்ஃபேட் இதில் பொல்லாதது. வறண்ட வடிவத்தில் இருக்கும் அது, ஈரமும் குளிர்ச்சியும் கூடும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 10 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு நான்கு மடங்கு பருக்கிறது. காய்ந்தால் மறுபடி சுருங்குகிறது. விரிவும் சுருக்கமும் மாறி மாறி நடக்க, செங்கல்லின் முகம் தகடு தகடாகப் பெயர்கிறது. பூச்சு பொருமி விழுகிறது.

சாதாரண உப்புக்கு வேறொரு வழக்கம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கடலோர ஊர்களில் இந்த எல்லை அடிக்கடி தாண்டப்படுகிறது. மண்ணிலிருந்து வரும் நீரை முற்றிலும் தடுத்த பிறகும் மழைமாதங்களில் சுவர் வியர்ப்பதற்கு இதுவே காரணம். அதனால் கொத்தனார் உப்பேறிய பூச்சை மிச்சம் வைக்காமல், ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுப்பார். வெளியே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுவார். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து வந்த வழியே உள்ளே போய்விடும். கலவைக்கான தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான்: கரிக்கும் நீரில் கலவை போட்டால் முதல் நாளே சுவருக்கு உப்பு ஊட்டியாயிற்று.

தடுப்பு வரியும் உயரும் தெருவும்

நீர் ஏறுவதைத் தடுக்க எளிய வழி, துளைகளின் தொடர்ச்சியை ஓரிடத்தில் அறுப்பது. அடித்தளம் முடிந்து சுவர் தொடங்கும் மட்டத்தில், நீர்த்தடுப்புப் பொடி சேர்த்த கான்கிரீட்டை ஒன்றரை அங்குல கனத்துக்குப் போட்டு, மேலே தார் பூசுவார்கள். வேலைக்காரர்கள் டி.பி.சி. என்று சொல்லும் இதை ஓதத் தடுப்பு எனலாம். இது வெளித்தரையிலிருந்து குறைந்தது அரையடி உயரத்தில் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இந்த வேலையைக் கருங்கல் அடித்தளம் செய்தது. கருங்கல்லில் துளைகள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நீருக்கு ஏணி கிடைப்பதில்லை.

சரியாகப் போட்ட தடுப்பும் வருஷங்கள் கழித்துத் தோற்கும், பெரும்பாலும் தடுப்பின் குற்றமில்லாமலே. பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகச் சாலை போட்டால் தெரு உயர்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் என்றாலும் ஆறு முறையில் ஓரடி. முற்றத்தில் மண் கொட்டி மேடாக்குகிறோம். சுவரை ஒட்டிப் பூச்செடிக்குப் பாத்தி கட்டுகிறோம். வெளிப்பூச்சை அழகுக்காகத் தடுப்பைத் தாண்டித் தரைவரை இழுத்துவிடுகிறோம். எதைச் செய்தாலும் நீருக்குத் தடுப்பைச் சுற்றிப் போக ஒரு பாலம் அமைகிறது. சொந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கொத்தனார் ஆண்டுக்கொருமுறை புரட்டாசியில் வீட்டைச் சுற்றிவரும்போது முதலில் பார்ப்பது கூரையை அல்ல, சுவரின் கால்மாட்டை. மண் ஏறியிருந்தால் மண்வெட்டியை எடுப்பார். பல சுவர்களுக்கு அதுவே பாதி வைத்தியம்.

தடுப்பே போடாத பழைய சுவர் என்றால், அடிவரியில் துளையிட்டு, துளைகளின் உட்சுவரை நீர் ஒட்டாததாக மாற்றும் சிலிகான் வகைத் திரவத்தைச் செலுத்தலாம். நீர் ஒட்டாத துளையில் நுண்புழை ஏற்றம் நடக்காது.

கல்லைவிட மெலிந்த காரை

உதிர்ந்த சுவருக்கு எதைப் பூசுவது? ஈரம் வெளியேற வழிவிடும் பூச்சை. சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை இதற்குப் பொருத்தமானது. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நீறிய சுண்ணாம்பைப் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடி கல்லாகிறது. வேகம் குறைவு, மேல்தோல் இறுகிய பின்னும் உட்பகுதி இறுக மாதங்கள், கனமான சுவரில் ஆண்டுகள்கூட ஆகும். பொறுமைக்குப் பலன், ஆவி தாராளமாக ஊடுருவும் பூச்சு. மயிரிழை விரிசல் விழுந்தாலும் கரைந்த சுண்ணாம்பு அதில் படிந்து தானாக மூடிக்கொள்ளும்.

இங்கே ஒரு பொதுவிதி இருக்கிறது. கலவையும் பூச்சும் கல்லைவிடச் சற்று மெலிந்ததாகவே இருக்க வேண்டும். கல்லைவிடக் கெட்டியான கலவை போட்டால், சுவர் அசையும்போது கல் உடையும், நீரும் உப்பும் கல் வழியாகவே வெளியேறும். மெலிந்த கலவையில் அந்தச் சேதத்தை இணைப்பு ஏற்றுக்கொள்ளும். இணைப்பைச் சுரண்டிப் புதுக்காரை அடைக்க ஒரு நாள் கூலி போதும். உடைந்த கல்லை மாற்றுவது பெருவேலை. ஒன்றுக்கு ஆறு கலவையைக் கொத்தனார் "போதும்" என்று சொன்னால் சிமென்ட்டில் சிக்கனம் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். பூசாமலே விட்ட செங்கல் சுவர்களைக் கேரளத்தில் பரவலாகக் கட்டிய லாரி பேக்கரின் (1917–2007) வீடுகளில், ஆவியைத் தடுக்கப் பூச்சே கிடையாது. உப்பு பூத்தாலும் வெளியே பூக்கும்.

வேலையின் வரிசை

அடியில் உதிரும் சுவருக்கு மருந்து, பொருளைவிட வரிசையில் இருக்கிறது. முதலில் நீரின் வழியை அறுக்க வேண்டும்: சுற்றி ஏறிய மண்ணை இறக்குவது, உடைந்த குழாயைச் சரிசெய்வது, மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழாமல் திருப்புவது. அடுத்து உப்பேறிய பூச்சைக் கொத்தி அப்புறப்படுத்த வேண்டும். மூன்றாவது, சுவரைச் சும்மா விட வேண்டும். யாருக்கும் பொறுக்காத கட்டம் இது. ஓர் அங்குல கனம் காய ஒரு மாதம் என்பது குளிர்நாட்டுக் கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நம் வெயிலில் வேகம் கூடும் என்றாலும், தையில் கொத்திய சுவரை வெயில்காலம் முழுக்கத் திறந்துபோட்டு ஆவணியில் பூசுவதே நிதானமான வழி. விருந்தாளி வருகிறார்கள், வீட்டில் கல்யாணம் என்று பங்குனியிலேயே பூசிவிடும் சுவர்தான் மறுபடி கொட்டுகிறது.

காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி தேவையில்லை. ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டினால் ஈரம் இன்னும் சுவருக்குள்ளிருந்து வருகிறது; பூச்சு வேலையைத் தள்ளிப்போடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரைக் குறை சொல்லாமல் சன்னலைத் திறக்கப் பாருங்கள். இருபக்கமும் உலர்ந்திருந்தால் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பலாம். பூச வருகிறவர் இந்தச் சோதனையைத் தானாகவே செய்து பார்த்தார் என்றால், அவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.